இங்கிலீஷும் வாய்ப் பழக்கமும்

நமது நாட்டில் ஒருவன் தட்டுத் தடங்கலின்றி இங்கிலீஷ் பேசிவிட்டானேயானால் அவனைப் பெரிய அறிவாளி என்றும், தடுமாறுகின்றவனை மூளையில்லாதவன் என்றும் கருதிவிடுகின்ற வழக்கம் வெகுநாளாக இருந்து வருகின்றது. வேலைக்கு ஆள் எடுக்கின்ற இடங்களிலும் இதே கதைதான். கிராமத்துப் பிள்ளை பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கியிருப்பான், தொழிலும் தெரிந்திருப்பான். எதிரே இருப்பவர் இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டவுடன் நா வறண்டு, "எஸ் சார்" என்பதற்கு மேல் ஒன்றும் வராமல் திரும்பி விடுகின்றான். வேலை போனதுகூடப் பெரிதல்ல. தனக்கு அந்த அறிவு பிறவியிலேயே இல்லை என்று அவனும் நம்பிவிடுகின்றானே, அதைத்தான் நாம் பெரிய கேடு என்கின்றோம்.

பிறவியில் என்ன இருக்கின்றது? மகாபலிபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். சங்கு மாலையும் கல் பொம்மையும் விற்கின்றவர்கள் வெளிநாட்டாரோடு இங்கிலீஷில் பேரம் பேசுகின்றார்கள். அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர்களும் அவர்களில் உண்டு. எந்தச் சரஸ்வதி வந்து அவர்கள் நாக்கில் எழுதினாள்? பேசினால்தான் அன்று அடுப்பு எரியும் என்பதால் பேசினார்கள், பிழையாகவே பேசினார்கள், பேசப் பேச வந்தது.

நிற்க, நமது பள்ளிக்கூடங்களில் நடப்பது என்ன? ஒன்றாம் வகுப்பு முதல் 12 வருஷம் இங்கிலீஷ் பாடம் உண்டு. அதில் ஒரு பிள்ளை தன் சொந்த எண்ணத்தை வாய்விட்டுச் சொன்ன நேரம் எவ்வளவு? வகுப்பில் 40 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், வாத்தியார் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூடப் பிள்ளைக்கு 1 நிமிஷந்தான் கிடைக்கும். அவர் வாயை மூடுவதும் கிடையாது. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கும் விதியை, பொருள் தெரியாமல் சுலோகம் சொல்லுவதுபோல் ஒப்புவிக்கச் செய்கின்றார். அவரும் இந்தப்படியே படித்து வந்தவர்தானே!

கேட்டுக்கொண்டே இருந்தால் பேச்சு தானே வந்துவிடும் என்று சிலர் சொல்லுவார்கள். 1965-ல் கனடா தேசத்தில் மாண்ட்ரியலுக்கு அடுத்த செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், இங்கிலீஷ் பேசுகின்ற பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு பாஷையிலேயே பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். அந்த முறை பல ஊர்களுக்கும் பரவிற்று. இந்தப்படி வருஷக்கணக்காகப் படித்த பிள்ளைகள் பிரெஞ்சை நன்றாக விளங்கிக் கொண்டார்கள். பேச்சிலோ பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளுக்குச் சமமாக வரவில்லை. மெரில் ஸ்வெயின் என்ற அம்மையார் இதை ஆராய்ந்து, காதில் விழுவது மட்டும் போதாது, பிறருக்கு விளங்கும்படி பேசியே தீரவேண்டிய நிர்ப்பந்தமும் வேண்டும் என்று 1985-ல் எழுதினார். கேட்கும்போது பாதி விளங்கினாலும் மீதியை ஊகித்துக் கொள்ளலாம். பேசும்போது எது முன், எது பின், நடந்ததா நடக்கப் போவதா என்பதை அந்தக் கணத்தில் நாமே தீர்மானிக்க வேண்டும். நமக்கு எது தெரியாது என்பதும் அப்பொழுதுதான் நமக்கே தெரிகின்றது.

இங்கிலீஷ் பேசும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்தச் சந்தர்ப்பம் 3 வயதிலேயே கிடைத்துவிடுகின்றது. அது பிழையாகப் பேசினால் பெற்றோர் முத்தமிடுகின்றார்கள். நம் பிள்ளை 20 வயதில் அதே பிழையைச் செய்தால் சிரிக்கின்றார்கள். 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொல்லிவிட்டால் என்ன மோசம் போய்விட்டது? தனி மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராத பாஷை நம்முடையது. நாக்குப் பழக நாளாகும். தூத்துக்குடியை வெள்ளைக்காரன் 'டூட்டிகோரின்' என்றபோது யார் சிரித்தார்கள்? ரயில் நிலையத்தில் பலகை எழுதியல்லவா மாட்டிக்கொண்டோம்!

ஆகவே பள்ளிக்கூடத்தில் தினம் 10 நிமிஷம் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பேச விட்டால், ஒவ்வொருவருக்கும் 5 நிமிஷம் கிடைத்துவிடும். இரைச்சல் கேட்கும், கேட்கட்டும். படிப்பை முடித்துவிட்ட வாலிபர்கள் ஊர் வாசகசாலையில் ஐந்தாறு பேராக ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் கூடி, நெல் விலையையோ, வராத பஸ்ஸையோ பற்றி இங்கிலீஷில் பேசிப் பார்க்கட்டும். ஒருவர் பேசி முடிக்கும் வரை குறுக்கே திருத்த வேண்டாம்; பிழைகளைப் பிறகு சொல்லலாம். யாராவது சிரித்தால், அடுத்த பத்து நிமிஷம் அவர்தான் எழுந்து பேசவேண்டும் என்று மட்டும் ஒரு விதி வைத்துக்கொள்ளட்டும்.