உயிரணுவின் போக்குவரத்தைப் பள்ளியில் காட்டுதல் வேண்டும்

“உயிரணுவின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க” என்னும் வினா நம் பள்ளித் தேர்வுகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. மாணவர் ஒரு வட்டமோ கட்டமோ வரைந்து, அதனுள் உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியா முதலிய நுண்ணுறுப்புகளையும் இட்டு, கோடிழுத்துப் பெயரெழுதி, மதிப்பெண் பெறுகின்றனர். படம் பிழையன்று. ஆனால், படத்தை மட்டுமே கண்ட மாணவர், வைத்த பொருள் வைத்த இடத்திலேயே கிடக்கும் ஒரு பேழையென உயிரணுவைக் கருதிவிடுகின்றார். உண்மை இதற்கு முற்றிலும் மாறானது. உயிருள்ள அணுவினுள் பொருள்கள் இடையறாது கொண்டுசெல்லப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. இப்போக்குவரத்தை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையேனும் கண்ணாற் காணவேண்டும். இதன் பயனை மக்களிடையே பணிபுரியும் களப்பணியாளரும் அறிந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வியக்கம் புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. இத்தாலியரான பொனவென்துரா கோர்த்தி என்பார் 1774-ஆம் ஆண்டிலேயே காரா என்னும் நீர்ப்பாசியின் அணுக்களுள் உயிர்ப்பொருள் சுழன்றோடுவதை விவரித்தார். ஆயினும், அதனை ஓட்டும் விசை எங்குள்ளது என்பது நெடுநாள் விளங்கவில்லை. 1956-இல் ஜப்பானிய அறிஞர்களான காமியாவும் குரோடாவும், ஓடும் உயிர்ப்பொருளுக்கும் அதன் வெளிப்புறத்தே அசையாது நிற்கும் படலத்துக்கும் இடைப்பட்ட எல்லையிலேயே அவ்விசை பிறக்கிறது என்று காட்டினர். அவ்வெல்லையில் ஆக்டின் என்னும் புரத இழைகள் பாதையாக அமைந்துள்ளன என்றும், மையோசின் என்னும் புரதம் அவற்றின்மீது நகர்ந்து சுமையை இழுக்கின்றது என்றும் பின்னர்த் தெளிவாயிற்று. நம் தசைகளைச் சுருங்கச் செய்வனவும் இவ்வினத்தைச் சேர்ந்த புரதங்களே. குளத்துப் பாசியும் உழவரின் கையும் ஒரே வகையான விசையால் இயங்குகின்றன என்பதைக் கேட்டு வியவாத மாணவர் உளரோ?

விலங்குகளின் நரம்பணுக்களில் இத்தேவை இன்னும் பெரிது. நம் முதுகுத்தண்டின் அருகே உடல் அமைந்த ஒரு நரம்பணு, கால்விரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள இழையை நீட்டுகிறது. அவ்விழையின் நுனிக்கு வேண்டிய புரதங்களுட் பெரும்பாலானவை அணுவின் உடலிலேயே உண்டாகின்றன. நீரில் விழுந்த மைத்துளி தானே பரவுவது போல ஒரு நுண்பை அத்தொலைவைக் கடக்க வேண்டுமாயின், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செல்லும். உண்மையில் விரைவாகச் செல்லும் சுமைகள் நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர் வரை கடந்து, மூன்று நாட்களுக்குள் நுனியை அடைகின்றன. மெதுவாகச் செல்லும் புரதங்களும் உள; அவை நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டரே நகரும். 1948-இல் வைஸ், ஹிஸ்கோ என்னும் இருவர் நரம்பை ஓரிடத்தில் இறுக்கிப் பார்த்தபோது, அணு உடலின் பக்கமாக இழை புடைத்தது. இறுக்கத்தைத் தளர்த்தியதும், தேங்கிய பொருள் மெல்ல முன்னேறியது.

சுமை ஏற்றிச்செல்வது யாது என்பதற்கு 1985-இல் விடை கிடைத்தது. கணவாய் மீனின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்த வேல், ரீஸ், ஷீட்ஸ் ஆகியோர் கைனசின் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். நுண்குழல்கள் என்னும் பாதைகளின்மீது இது ஓர் அடிக்கு 8 நானோமீட்டராக நடக்கின்றது. ஒவ்வோர் அடிக்கும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவிடுகின்றது. கைனசின் பெரும்பாலும் நரம்பின் நுனியை நோக்கிச் சுமக்கின்றது. டைனீன் என்னும் மற்றொரு புரதம் நுனியிலிருந்து அணுவின் உடலுக்குத் திரும்பக் கொணர்கின்றது. இவை வெளிநாட்டார்க்கே உரிய ஆராய்ச்சி என்று எண்ணுதல் வேண்டா. டைனீன்கள் பல ஒன்றுகூடிப் பெருஞ்சுமையை எவ்வாறு இழுக்கின்றன என்பதை, மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக் குழுவினர் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர்.

“இவையெல்லாம் கல்லூரிக்கு உரியவை, சிற்றூர்ப் பள்ளிக்கும் களப்பணிக்கும் இவற்றால் ஆவதென்ன?” என்று சிலர் வினவக்கூடும். வெறிநாய்க்கடியே இதற்குத் தக்க விடை. கடிவாயில் புகுந்த வெறிநோய் வைரஸ் குருதியின் வழியே மூளைக்குச் செல்வதில்லை. அது நரம்பின் நுனியுள் நுழைந்து, டைனீன் இழுக்கும் சுமைகளோடு சுமையாக முதுகுத்தண்டை அடைந்து, அங்கிருந்து மூளைக்கு ஏறுகின்றது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே நோயின் குறிகள் தோன்றுகின்றன. குறிகள் தோன்றியபின் உயிர்பிழைத்தல் மிக அரிது.

இதனை அறிந்தவர்க்கு மருத்துவரின் அறிவுரை ஒவ்வொன்றின் காரணமும் விளங்கும். கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவது, வைரஸ் நரம்பினுள் ஏறுமுன்னரே அதனை அகற்றுவதற்காகும். தோல் கிழிந்த காயத்தினுள்ளும் சுற்றிலும் இம்யூனோகுளோபுலின் செலுத்துவது, எஞ்சிய வைரஸை அவ்விடத்திலேயே செயலிழக்கச் செய்வதற்காகும். தடுப்பூசியால் உடலில் எதிர்ப்பொருள் உண்டாவதற்குச் சில நாட்கள் வேண்டும். ஆகவே அன்றே தொடங்கி, குறித்த நாட்களில் முழுவதும் போட்டுக்கொள்ளுதல் இன்றியமையாதது. கடிவாயில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்பி, மந்திரித்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்தாரிடம் “கழுவுங்கள்” என்று கட்டளையிடுவதினும், “நோய் நரம்பின் வழியே நடந்துவருகின்றது, அது புறப்படுமுன் தடுக்கவேண்டும்” என்று கூறுவது மிகுந்த பயனளிக்கும் என்பது என் கருத்து. காரணம் அறிந்து செய்யும் செயல் மறப்பதில்லை.

மற்றொரு சான்று நம் வயல்களிலேயே உள்ளது. தமிழ்நாட்டில் செங்காந்தளை அதன் விதைக்காகப் பயிரிடுகின்றனர். அதிலிருந்து எடுக்கப்படும் கால்சிசின் என்னும் மருந்து நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கின்றது. பாதை குலைந்தால் போக்குவரத்தும் நிற்கும். சோதனை விலங்குகளில் கால்சிசினைச் செலுத்தியபோது வெறிநோய் வைரஸின் பயணமும் தடைப்பட்டது. இது நோய்க்கு மருந்தாகாது. கால்சிசின் கடும் நஞ்சு என்பதையும், செங்காந்தட் கிழங்கை உண்டோர் உயிரிழந்ததுண்டு என்பதையும் மாணவர்க்கு ஆசிரியர் சேர்த்தே கூறவேண்டும்.

நுண்குழல்களையும் இயக்கிப் புரதங்களையும் பள்ளி நுண்ணோக்கியில் காண இயலாது என்பது மெய்யே. ஆனால், போக்குவரத்தைக் காண இயலும். குளத்திலோ மீன்தொட்டியிலோ வளரும் ஹைட்ரில்லாவின் இளம் இலையொன்றைப் பறித்து, ஒரு துளி நீரில் வைத்து மூடி, 400 மடங்கு பெருக்கத்தில் நோக்கினால், நடுநரம்பை ஒட்டிய நீண்ட அணுக்களில் பசுங்கணிகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரோரமாக ஊர்ந்து சுற்றிவருவதைக் காணலாம். இலை குளிர்ந்திருந்தால் இயக்கம் மந்தமாகும். சிறிது நேரம் வெளிச்சத்திலும் வெதுவெதுப்பான நீரிலும் வைத்திருந்தால் விரைவுபடும். நுண்துகள்கள் நின்ற இடத்திலேயே திசையின்றித் துடிப்பது வேறு, ஒரே திசையில் செல்லும் இவ்வோட்டம் வேறு என்பதை ஆசிரியர் பிரித்துக் காட்டுதல் வேண்டும். ஒரு கணிகம் ஒரு பக்கத்தைக் கடக்க எத்தனை வினாடி ஆகின்றது என்று மாணவரே கணக்கிட்டால், அதுவே அவர்களுடைய முதல் ஆராய்ச்சியாகும்.

ஒரு நுண்ணோக்கிக்கு நாற்பது மாணவர் என்னும் நிலை பல பள்ளிகளில் இருப்பதை நான் மறுக்கவில்லை. எனினும் ஒருவர்பின் ஒருவராக அரை நிமிடம் நோக்கினும், ஒரு வகுப்பு நேரத்திற்குள் அனைவரும் கண்டுவிடலாம். தேர்வு அமைப்போரும் தம் பங்கைச் செய்தல் வேண்டும். பாகங்களைக் குறிக்கும் வினாவோடு, “உயிருள்ள அணுவில் நீ கண்ட இயக்கத்தை எழுதுக” என்னும் வினாவும் ஆண்டுதோறும் இடம்பெறுமாயின், நுண்ணோக்கிகள் பெட்டியை விட்டு வெளியே வரும். அணு இயங்குவதைக் கண்ட மாணவர், நாய்க்கடியின்போது தம் வீட்டாரை முதலில் தண்ணீர்க் குழாயிடத்தும் பின்னர் மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்வாராயின், அந்த வகுப்பு நேரம் வீண்போகவில்லை என்று நாம் மகிழலாம்.