வாங்கும் முன் வீட்டில் வைத்துப் பார்க்க

கை கால் அசைக்க முடியாத, பேச்சும் வராத ஒரு சிறுமி கண்ணாலேயே எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துப் பேசக் கருவி இருக்கிறது. விலை பல ஆயிரம் டாலர். சிகிச்சை அறையில் நன்றாகவே வேலை செய்யும். வீட்டில் ஜன்னலோரம் வைத்தால் தடுமாறலாம். கண்ணசைவைப் பிடிக்கும் அகச்சிவப்புக் கேமராவுக்கு நேர் வெயில் ஆகாது. சக்கர நாற்காலியில் அதை மாட்டும் தாங்கி பொருந்தாமலும் போகலாம். வாங்கிய பிறகு இதெல்லாம் தெரிந்து என்ன பயன்?

அமெரிக்காவில் 1993-ல் வெளியான ஓர் ஆய்வு, உதவிக் கருவிகளில் 29 சதவீதத்துக்கும் மேல் அடியோடு கைவிடப்பட்டதைக் கண்டது. பயன்படுத்தப்போகிறவரின் கருத்தைக் கேட்காமல் கருவியைத் தேர்ந்தெடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அங்கே 1988-ல் வந்து, கடைசியாக 2022-ல் புதுப்பிக்கப்பட்ட உதவித் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ், மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளுமாக 56 இடங்களில் திட்டங்கள் நடக்கின்றன. அவை தரும் சேவைகளில் இரண்டைப் பலர் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். ஒன்று, கருவியைச் சில வாரங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்க இரவல் தருவது. மற்றது, வாங்குவதற்குப் பணக் கடன் கிடைக்கச் செய்வது. இது மானியமல்ல, திருப்பிக் கட்ட வேண்டும். பென்சில்வேனியாவில் இரவலை டெம்பிள் பல்கலைக்கழகத்தின் டெக்அவுல் திட்டமும், கடனைத் தனியொரு அறக்கட்டளையும் கவனிக்கின்றன.

ஆனால் மாநிலத்துக்கு ஓர் அலுவலகம் இருந்தால் மட்டும் தொலைதூரக் கிராமத்துக்குக் கருவி போய்ச் சேராது. அங்கேதான் உள்ளூர்ப் பங்காளிகள் வேண்டும். முதல் மையம் 1972-ல் பெர்க்லியில் உருவான சுதந்திர வாழ்வு மையங்கள் இதற்கு நல்ல உதாரணம். இவற்றின் நிர்வாகக் குழுவில் மாற்றுத்திறனாளிகளே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தானே சக்கர நாற்காலியில் இருப்பவர், எது உதவும், எது உதவாது என்று எடுத்துச் சொன்னால் குடும்பம் நம்பிக் கேட்கும். திரும்பி வந்த கருவியைத் துடைத்து, சார்ஜ் ஏற்றி, முன்பு பயன்படுத்தியவரின் பதிவுகளை அழித்து, அடுத்தவருக்குத் தயார் செய்வதிலும் இத்தகைய பங்காளிகள் கைகொடுக்கலாம். கடன் பக்கத்தில் வங்கிகளும் கடன் கூட்டுறவுச் சங்கங்களும் பங்காளிகள். சில திட்டங்களில் அரசுப் பணம் உத்தரவாதமாக நிற்பதால், வழக்கமாகக் கடன் மறுக்கப்படுபவருக்கும் அவை கடன் தர முடிகிறது.

கருவி வாங்கப் பணம் ஒதுக்குவோர் உள்ளூர்ப் பங்காளிகளின் உழைப்புக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். சொல்லித்தர ஆளில்லாத கருவி அலமாரியில்தான் கிடக்கும்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளைக்குப் பேச்சுக் கருவியோ, பெற்றோருக்குக் காதுகேட்க உதவும் சாதனமோ வாங்கும் முன், உங்கள் மாநிலத் திட்டத்தை அழைத்து இரவல் கிடைக்குமா என்று கேளுங்கள்.