சேமிப்பாளரின் கூடம் பூட்டிக் கிடக்கலாமா?

பிலடெல்பியாவில் மார்க்கெட் தெருவும் 12-ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் நிற்கும் 36 மாடிக் கட்டடம், 2000-ஆம் ஆண்டிலிருந்து லோஸ் நிறுவனத்தின் ஓட்டலாக இயங்கி வருகிறது. உச்சியில் 27 அடி உயரச் சிவப்பு எழுத்துகள் இன்றும் ‘பிஎஸ்எஃப்எஸ்’ என்று ஒளிர்கின்றன. அந்தப் பெயருக்குரிய சேமிப்பு வங்கி இப்போது இல்லை. கட்டடத்தை ஓட்டலாக மாற்றியது மிகச் சரியான முடிவு. ஆனால் சாதாரண மக்களுக்காகக் கட்டப்பட்ட அதன் வங்கிக் கூடத்துக்குள் அந்த மக்கள் நுழைய உறுதியான வழி எதுவும் இல்லை. இந்தக் குறை நீங்க வேண்டும்.

பிலடெல்பியா சேவிங் ஃபண்ட் சொசைட்டி, கூலிக்காரரும் வீட்டு வேலை செய்வோரும் சிறுகச் சிறுகச் சேர்க்கும் காசைப் பாதுகாக்க 1816-இல் தொடங்கப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக அப்படிச் சேர்ந்த நம்பிக்கையின் பலத்தில்தான், பெருமந்தத்தின் நடுவே, 1932-இல் இந்தக் கட்டடம் எழுந்தது. வடிவமைத்தவர்கள் ஜார்ஜ் ஹோவும் சுவிட்சர்லாந்தில் பிறந்த வில்லியம் லெஸ்கேசும். வங்கித் தலைவர் ஜேம்ஸ் வில்காக்ஸ் பழமையில் ஊறியவர். கிடைக்கோடுகளே மேலோங்கிய முகப்பை அவர் ஏற்கவில்லை. கட்டடம் மேல்நோக்கி எழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று வற்புறுத்தினார். பல மாத வாக்குவாதத்துக்குப் பிறகு தூண்கள் சுவருக்கு வெளியே வந்தன. கட்டடத்தின் முகத்தில் இன்று நாம் காணும் அழகு அந்த இழுபறியில் விளைந்தது. அமெரிக்காவில் நவீன பாணியில் உருவான முதல் வானளாவி என்று கட்டடக்கலை வரலாறு இதைக் கொண்டாடுகிறது. கட்டடம் முழுவதற்கும் குளிர்சாதன வசதி அமைந்த முதல் சில உயரக் கட்டடங்களிலும் இது ஒன்று.

தெருமட்டத்தைக் கடைகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வங்கிக் கூடத்தை முதல் மாடிக்கு ஏற்றினார்கள். சேமிக்க வந்தவர் நகரும் படிக்கட்டில் ஏறிப் போய், பளிங்கும் எஃகும் மின்னும் உயர்ந்த கூடத்தில் நின்றார். சுவர்க் கடிகாரங்கள் கார்ட்டியே செய்தவை. கையில் சில டாலரோடு வருபவருக்கும் இந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்று ஒரு வங்கி நினைத்ததே, அதுதான் இந்தக் கட்டடத்தின் உண்மையான பெருமை.

1980களில் மெரிட்டர் என்று பெயர் மாற்றிக்கொண்ட வங்கி தடுமாறியது. 1992 டிசம்பரில் அரசு அதை மூடி மெலன் வங்கிக்கு விற்றது. கட்டடத்தின் பெரும்பகுதி காலியானது. புதிய அலுவலகங்களுக்கு அகன்ற தளங்கள் தேவைப்பட்டன. இங்கோ தளங்கள் ஒடுங்கியவை. மின்தூக்கிகள் எல்லாம் பின்புறம் தனித் தண்டாக நிற்கின்றன. அலுவலகத்துக்கு ஆகாத அந்த ஒடுக்கமே ஓட்டலுக்குப் பொருந்தியது. எந்த அறையும் சன்னலுக்கு அருகில்தான் அமையும். 1993-இல் பக்கத்திலேயே மாநாட்டு மையம் திறந்திருந்ததால் தங்க வருபவர்களுக்கும் குறைவிருக்காது. 581 அறைகள் உருவாயின. வெளிமுகமும் கூடமும் உச்சியின் எழுத்துகளும் தப்பின.

தப்பாத கட்டடம் எப்படிப் போகும் என்பதற்கு நியூயார்க்கின் சிங்கர் கோபுரமே சாட்சி. 1908-இல் உலகிலேயே உயரமாக எழுந்த அது, தளங்கள் குறுகியவை என்பதாலேயே 1960களின் இறுதியில் இடிக்கப்பட்டது. அங்கே அகன்ற தளங்கள் கொண்ட அலுவலகக் கட்டடம் ஒன்று வந்தது. பழைய வானளாவியை விடுதியாக்குவது வரலாற்றை விலைபேசுவது என்று வருந்துகிறவர்கள் சிங்கரை எண்ணிப் பார்க்க வேண்டும். வருமானம் இல்லாத 36 மாடியை எந்த நகரமும் அன்பினால் மட்டும் தாங்கிப் பிடிக்க முடியாது.

ஆயினும் நம் மனக்குறை தீரவில்லை. சேமிப்பாளர்கள் நின்ற கூடம் இன்று விருந்துகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் வாடகைக்குப் போகிறது. 1976-இல் கிடைத்த தேசிய வரலாற்றுச் சின்னத் தகுதி, கூடத்தை மக்களுக்குத் திறந்துவிட உரிமையாளரைக் கட்டாயப்படுத்தாது. அமெரிக்க மைய அரசின் வரிச்சலுகையிலும் அதே ஓட்டை இருக்கிறது. வருமானம் ஈட்டும் வரலாற்றுக் கட்டடத்தை விதிப்படி புதுப்பித்தால், தகுதியுள்ள செலவில் 20 விழுக்காட்டை உரிமையாளர் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் சலுகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். அதன்பின் அந்தக் கட்டாயமும் இல்லை. உள்ளே வந்து பார்க்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டா என்று சட்டம் கேட்பதே இல்லை.

வரியில் விட்டுக்கொடுக்கும் பணம் பொதுமக்களின் பணம். அதைப் பெறுபவர், கட்டடத்தின் முதன்மையான கூடத்தை ஆண்டுதோறும் குறித்த நாள்களில் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும் என்பதைச் சலுகையின் நிபந்தனையாக்க வேண்டும். கட்டடம் கைமாறினாலும் அந்த நிபந்தனை பத்திரத்தோடு தொடர வேண்டும். பாதுகாப்பும் பராமரிப்பும் செலவு வைக்கும் என்று ஓட்டல் நடத்துவோர் சொல்வதில் நியாயம் உண்டு. அந்தச் செலவையும் புதுப்பிப்புச் செலவோடு கணக்கில் சேர்க்க அரசு இடம் தரட்டும். ஏற்கெனவே சலுகை பெற்றுவிட்ட கட்டடங்களைப் புதிய சட்டம் கட்டுப்படுத்த முடியாது. அவற்றின் உரிமையாளர்களோடு நகர நிர்வாகங்கள் நேரில் பேசி உடன்பாடு காண வேண்டும். பிலடெல்பியா அந்தப் பேச்சை மார்க்கெட் தெருவில் தொடங்கலாம்.