பனிக்கட்டிக்கும் கணக்கு வேண்டும்

கல்லூரி விழா ஒன்று நடைபெறுவதாயின், பந்தற்கால் எத்தனை, நாற்காலி எத்தனை, இலை எத்தனை, மாலை எத்தனை என்று ஒவ்வொன்றற்கும் கணக்கிடுகின்றோம். இத்தனை பேருக்கு இத்தனை படி அரிசி என்று சமையற்காரர் தயங்காது கூறுவர். ஆயின், வேனிற்காலத்து விழாவிற்கு இன்றியமையாததாகிய பனிக்கட்டியை எவ்வளவு வாங்குவது என்று வினவினால், "இரண்டு பார் சொல்லிவிடுங்கள், போதாவிடிற் பார்த்துக்கொள்வோம்" என்னும் விடையே கிடைக்கின்றது. பனிக்கட்டியும் அரிசியைப்போல் அளந்து வாங்கற்பாலதே என்பதும், அவ்வளவை அறிதற்குரிய கல்வி நம்மிடத்து உண்டு என்பதும், அதனைப் பயன்படுத்தாமையால் வரும் துன்பம் எப்போதும் ஒரு சாராரையே சேர்கின்றது என்பதும் யாம் ஈண்டுக் கூறக் கருதியவை.

பனிக்கட்டி ஏனைப் பண்டங்களைப் போன்றதன்று. அரிசி மிகுந்தால் மூட்டையில் இருக்கும். சர்க்கரை மிகுந்தால் மறுநாளைக்கு ஆகும். பனிக்கட்டியோ வாங்கிய கணமே குறையத் தொடங்குகின்றது. அதனிடத்து நாம் விலைகொடுத்துப் பெறுவது குளிர்ச்சியே. ஒரு கிராம் பனிக்கட்டி, தன் வெப்பநிலை சிறிதும் உயராமலே, உருகி நீராவதற்கு மட்டும் ஏறக்குறைய 80 கலோரி வெப்பத்தை உட்கொள்ளுகின்றது. இவ்வுள்ளுறை வெப்பத்தை 1760ஆம் ஆண்டுகளில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலிருந்த ஜோசப் பிளாக் என்பார் ஆராய்ந்து விளக்கினர். இயற்பியல் பயிலும் நம் மாணவர் இதனை ஆய்வுக்கூடத்தில் அளந்து, குறிப்பேட்டில் எழுதி, ஆசிரியரின் கையொப்பமும் பெறுகின்றனர். அங்ஙனம் பெற்ற அறிவு ஆய்வுக்கூடத்து வாயிலைக் கடந்து விழாப் பந்தலுக்கு வாராமை வியப்பேயாம்.

இக்கணக்கையே தம் வாழ்வாகக் கொண்ட வாணிகரும் இருந்தனர். அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்துப் பிரெடெரிக் ட்யூடர் என்பார், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டுவித்து, வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பி விற்றனர். 1833ஆம் ஆண்டு மே மாதத்திற் பாஸ்டனை விட்டுப் புறப்பட்ட டஸ்கனி என்னும் கப்பலில் 180 டன் ஏற்றப்பட்டது. நான்கு மாதம் கடலிற் சென்று, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, செப்டம்பரில் அக்கப்பல் கல்கத்தாவை அடைந்தபோது ஏறக்குறைய 100 டன் எஞ்சியிருந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையிலும் இப்பனிக்கட்டியைச் சேமித்தற்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என வழங்கிய அக்கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கின்றது. வழியிற் கரைவது எவ்வளவு, எஞ்சுவது எவ்வளவு என்பதை முன்னரே மதித்தமையாலன்றோ அவ்வாணிகம் நிலைத்தது? நான்கு மாதப் பயணத்தில் அவர் இழந்தது பாதிக்கும் குறைவே. நாமோ வெறுஞ் சாக்கில் சுற்றி, திறந்த வண்டியில் ஏற்றி, வெயிலில் இறக்கி வைத்துவிட்டு, "இன்றைக்கு ஐஸ் சரியில்லை" என்று பனிக்கட்டியின்மேற் குறை கூறுகின்றோம்.

இனி, கணக்கைப் பார்ப்போம். 600 பேருக்கு எலுமிச்சைப் பானகம் வழங்கவேண்டியுள்ளது எனக் கொள்வோம். ஒருவருக்கு 200 மில்லிலிட்டர் கொள்ளும் குவளையில் இருமுறை எனின், மொத்தம் 240 லிட்டர். குழாய்நீரின் வெப்பநிலை 30 பாகை. பானகம் 10 பாகையில் இருத்தல் வேண்டும். ஒரு கிராம் நீர் 20 பாகை குளிர்தற்கு 20 கலோரியை இழத்தல் வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகுதற்கு 80 கலோரியும், உருகிய நீர் 10 பாகைக்கு ஏறுதற்கு 10 கலோரியும், ஆக 90 கலோரியை ஏற்கும். உருகிய நீரும் பானகத்திலேயே கலந்துவிடுதலின், நீரும் பனிக்கட்டியும் சேர்ந்தே 240 லிட்டர் அளவினவாதல் வேண்டும். இவற்றைக் கொண்டு கணித்தால், ஏறக்குறைய 44 கிலோ பனிக்கட்டியும் 196 லிட்டர் நீரும் வேண்டும் என்பது விளங்கும். பழச்சாற்றையும் சர்க்கரையையும் 240 லிட்டருக்கு உரிய அளவிலேயே அந்த 196 லிட்டரிற் கலக்கவேண்டும். அவ்வாறு செய்யாமையாலேயே விழாப் பானகம் வரவரச் சப்பென்றாகின்றது.

இந்த 44 கிலோ பானகத்தில் விழவேண்டிய அளவு. ஆலையில் வாங்கவேண்டிய அளவு இதனினும் மிகுதி. வழியிலும் பந்தலிலும் காற்பங்கு கரைந்துபோம் என மதித்துக்கொள்வோம். பலர் இங்கே 44உடன் அதன் காற்பங்காகிய 11ஐக் கூட்டி, 55 கிலோ போதும் என்பர். அது போதாது. 55இற் காற்பங்கு கரைந்தால் 41 கிலோவே எஞ்சும். வாங்குவதன் முக்காற்பங்கு 44 ஆதல் வேண்டுமாகலின், வாங்கவேண்டுவது ஏறக்குறைய 59 கிலோ. காற்பங்கு என்பதும் எங்கும் ஒன்றாயிராது. வெப்பம் புகாத பெட்டியில் வைத்தால் அதனிற் குறையும். சாக்கை மட்டும் நம்பினால் அதனின் மிகும்.

பல ஆலைகளில் ஒரு பார் 50 கிலோ அளவினது. எனவே, கணக்கிடாதவர் ஒரு பாரையே வாங்கினார் எனின், கரைந்தது போக 37½ கிலோ பானகத்தைச் சேரும். அது ஏறக்குறைய 515 பேருக்கே போதுமானது. எஞ்சிய 85 பேர் யாவர்? தலைமை வகிப்போர் அல்லர். முன்வரிசையில் அமர்ந்தோரும் அல்லர். அடுப்படியில் நின்றோர், இலையெடுத்தோர், பந்தல் கட்டினோர், வண்டியோட்டினோர், வாயில் காத்தோர், பரிமாறிய மாணவர் ஆகிய இவரே இறுதியில் வருவோர். வெயிலில் மிக்க நேரம் நின்ற இவர்க்கு, வெதுவெதுத்த நீரும் அடியில் தங்கிய எலுமிச்சை விதையும் கிடைக்கின்றன. நாற்காலியை மட்டும் எண்ணி ஆட்டொகை காண்பதே இதற்கு முதற்காரணம். நாற்காலி 520 எனின் விருந்தினர் 520. உழைப்போர் 80 பேரையும் சேர்த்தே 600 ஆகும். ஆகவே, உழைப்போரை முதலில் எண்ணி, பின்னர் விருந்தினரை எண்ணுதல் வேண்டும் என்பது எம் கருத்து. கணக்கிலே இடம்பெறாதவர்க்குப் பந்தியிலும் இடமில்லாது போகின்றது.

"அற்பப் பொருளுக்கு இத்துணைக் கணக்கா? இரண்டு பார் வாங்கிவிட்டால் தீர்ந்தது" எனச் சிலர் கூறுவர். இரண்டு பார் வாங்கினால் 41 கிலோ மிகுதியாய் வாங்கியவராவோம். அது மாலைக்குள் தரையில் நீராய் ஓடும். நீரை உறையச் செய்தற்கு மின்னாற்றல் செலவாகின்றது. உண்ணத்தக்க பனிக்கட்டியாயின் தூய குடிநீரும் செலவாகின்றது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடங்களுடன் மக்கள் வரிசை நிற்கும் ஊர்களில், 41 லிட்டர் குடிநீரைப் பந்தலடியில் ஊற்றுதல் அற்பச் செயலென்று சொல்லத்தக்கதன்று.

குறைவும் மிகுதியும் இன்றி முடித்தற்கு எளிய வழி ஒன்று நம் வீடுகளிலேயே உண்டு. முந்தைய நாள் இரவிலேயே நீரை மட்பானைகளில் ஊற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தல் வேண்டும். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகி உள்நீரைக் குளிர்விக்கும். அந்நீர் 25 பாகைக்கு வந்துவிட்டால், பானகத்திற்கு வேண்டிய பனிக்கட்டி 44இலிருந்து ஏறக்குறைய 34 கிலோவாகக் குறையும். காற்பங்கு கரைவையும் சேர்த்து வாங்கவேண்டுவது 46 கிலோ. அப்போது ஒரு பாரே 600 பேருக்கும் போதும். பானைகள் இரண்டாவது பாரை வேண்டாவாக்கிவிட்டன. கடற்கரை ஊர்களிற் காற்று ஈரம் மிக்கதாகலின் பானை அத்துணைக் குளிராது. ஆதலின், அங்கே பாதரசமில்லாத வெப்பமானி ஒன்றால் நீரை அளந்து பார்த்தே ஆலைக்குச் சொல்லியனுப்புதல் தக்கது.

பனிக்கட்டியை உடைக்கும் காலமும் கணக்கிற்கு உட்பட்டதே. பக்கம் 30 செண்டிமீட்டர் உள்ள கட்டியொன்றைப் பக்கம் 3 செண்டிமீட்டர் உள்ள துண்டுகளாக உடைத்தால், காற்றுப்படும் பரப்புப் பத்து மடங்காகின்றது. காலையிலேயே உடைத்து வைத்துவிட்டுப் பிற்பகலிற் பனிக்கட்டி எங்கே என்று தேடுவதிற் பயனில்லை. முழுக் கட்டியாகவே மரத்தூளிலோ தடித்த போர்வையிலோ பொதிந்து, உருகும் நீர் வடிந்தோடுமாறு பலகைமேல் ஏற்றிவைத்து, வேண்டும்போது மட்டும் உடைத்தல் வேண்டும். மரத்தூள் பட்ட கட்டியைத் தூய நீரிற் கழுவியே பானகத்தில் இடல் வேண்டும்.

தூய்மையைப் பற்றியும் ஒரு சொல். நீர் உறைதலால் அதிலுள்ள நோய்க்கிருமிகள் யாவும் மாய்ந்துபோவதில்லை. மீனைக் கெடாது வைத்தற்கென்று செய்யப்படும் பனிக்கட்டி குவளைக்கு உரியதன்று. மகாராட்டிரத்தில் 2018இல், உண்ணத்தகாத பனிக்கட்டிக்கு நீலநிறம் ஊட்டவேண்டும் என்று விதித்தது இக்குழப்பத்தை நீக்குதற்கே. முன்னரே கணக்கிட்டவர் நல்ல ஆலையை நாடிச் சொல்லிவைக்க நேரமுண்டு. கணக்கிடாதவரோ விழா நடுவிற் போதாமை கண்டு, மிதிவண்டியில் ஓர் இளைஞனை ஓட்டி, எங்கே எது கிடைப்பினும் வாங்கிவரச் செய்கின்றனர். அவ்வாறு வருவது எந்நீரால் ஆனது என்று அந்நேரத்தில் யாரும் கேட்பதில்லை. அளவு தவறியவிடத்தே தூய்மையும் தவறுகின்றது.

மாணவ அன்பர்காள்! ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. கல்லூரி மன்றம் ஒவ்வொன்றும் ஓர் ஏடு வைத்தல் வேண்டும். விழா நாளின் வெப்பநிலை, வந்தோர் தொகை, உழைத்தோர் தொகை, வாங்கிய பனிக்கட்டி, மிஞ்சியது, போதாமை நேர்ந்த மணி ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிவைத்தால், மூன்றாண்டில் நம் ஊருக்கும் நம் பந்தலுக்கும் உரிய கணக்கு நம் கையில் இருக்கும். காற்பங்கு என்று மதித்ததும் சரியான எண்ணாகும். விழாச் செயலாளர் ஆண்டுதோறும் மாறுவர், ஏடு மாறாது. அவ்வேட்டின் முதல் வரியில் உழைப்போர் தொகையை எழுதுக. கடைசிக் குவளையும் முதற் குவளையைப்போற் குளிர்ந்திருந்ததா என்பதை ஒவ்வோர் ஆண்டும் இறுதி வரியில் எழுதுக. ஏனைய எண்கள் இவ்விரண்டிற்கும் இடையில் தாமே அமையும்.