இயக்குநர் கையெழுத்திட்டால் பச்சை வெள்ளையாகுமா?

இயக்குநர் வோங் கர் வாயின் 'இன் தி மூட் ஃபார் லவ்' படத்துக்கு 4கே மீட்புப் பதிப்பு வந்தபின் பழைய தட்டுகளெல்லாம் குப்பை என்று தீர்ப்பெழுதிவிட்டார் நண்பர். மூல நெகட்டிவிலிருந்து எடுத்தது, இயக்குநரே ஒப்புதல் தந்தது என்கிறார். உண்மைதான். அதிலிருந்து, இதுவே மூலம், எதுவும் மாறவில்லை என்று அவர் தாவிச் சேரும் முடிவுதான் அபத்தம்.

நெகட்டிவை ஸ்கேன் செய்வது ஒரு வேலை, அதற்கு நிறம் வைப்பது வேறு வேலை. ஸ்கேனில் குறையில்லை, நாயகி மேகி சியுங்கின் சியோங்சாம் உடையில் பூவேலை இழையிழையாகத் தெரிகிறது. நிறத்துக்கு வாருங்கள். கிரைட்டீரியன் நிறுவனத்தின் 2012 ப்ளூ-ரேயைப் பக்கத்தில் ஓடவிட்டு, நாயகன் டோனி லியுங்கின் வெள்ளைச் சட்டையை மட்டும் பாருங்கள். புதியதில் சட்டை, சுவர், முகம் எல்லாவற்றிலும் பச்சை ஏறிக் கிடக்கிறது. 2000இல் கான் விழாவில் இப்படத்தின் ஒளிப்பதிவாளர்கள் கிறிஸ்டோபர் டாயில், மார்க் லீ பிங்பின், கலை இயக்குநர் வில்லியம் சாங் மூவருக்கும் தொழில்நுட்பப் பரிசு கொடுத்தார்களே, இருபது வருடம் கழித்துப் பூசப்போகும் இந்தப் பச்சைக்கா கொடுத்தார்கள்?

"இயக்குநரே ஒப்பினாரே" என்பது நண்பரின் பிரம்மாஸ்திரம். அந்த இயக்குநரே தன் படங்களின் 2021 பெட்டித் தொகுப்புக்கு எழுதிய குறிப்பில், இவை பழைய அதே படங்கள் அல்ல என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அதே தொகுப்பில் 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' 1.85 சட்ட விகிதத்திலிருந்து 2.39க்கு மாறியது. 'ஹேப்பி டுகெதர்' நெகட்டிவ் தீயில் சேதமானதால் டோனி லியுங்கின் தனிமொழிகள் சிலவற்றைச் சுருக்கினார்கள். தீ விபத்துக்கு யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் மாற்றினேன் என்று செய்தவரே சொல்லும்போது, மாறவேயில்லை என்று இவர் ஏன் சாதிக்கிறார்? குறிப்பைப் படிக்கவில்லை போலும். பெட்டியைப் பிரித்தாரா என்பதே சந்தேகம்.

தன் படத்தைத் திருத்த வோங்குக்கு உரிமை உண்டு. திருத்தியதை மூலம் என்று விற்க நண்பருக்கு எந்த உரிமையும் இல்லை. பழசைக் கேட்பவர்கள் ஏக்கப் பிராணிகளாம்! திரையரங்கில் வந்த நிறத்துக்கு நெருக்கமானதைக் கேட்பது ஏக்கம் அல்ல, சாதாரணப் புத்தி.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 2012 ப்ளூ-ரேயை வாங்குங்கள். அது ஏ மண்டலப் பூட்டுள்ள தட்டு. சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்குத் தொல்லையில்லை. இந்தியா சி மண்டலம் என்பதால் இங்குள்ளவர்கள் எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.