தொலைபேசியில் மருத்துவர், தோட்டத்தில் யார்?

மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, முற்றிய புற்றுநோயோடு படுத்திருந்தவர்களை அச்சம் இரு பக்கமும் நெருக்கியது. மருத்துவமனைக்குப் போனால் கோவிட் தொற்றலாம். போகாவிட்டால் மருந்து தீர்ந்து வலி கூடும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இந்தத் தவிப்பு இன்னும் கடுமையானது. அரசாங்கத்தின் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு அங்கிருந்து புத்ராஜெயாவுக்கோ கோலாலம்பூருக்கோ போயாக வேண்டும். மருத்துவக் காரணத்துக்கு விலக்கு இருந்தது உண்மைதான். ஆனால் எழுந்து உட்காரவே முடியாத ஒருவரைக் காரில் ஏற்றி, சாலைத் தடுப்புகளில் காவலரிடம் கடிதம் காட்டி விளக்கி, மாநில எல்லையைக் கடப்பது எத்தனை வீடுகளால் முடியும்? தலைநகரில் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளும் பகாவ் பக்கத் தோட்டத்திலிருக்கும் தாயை நினைத்தபோது வந்து பார்க்க முடியவில்லை. முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்களுக்கு மாநிலம் கடக்கும் தடை 2021 அக்டோபரில்தான் நீங்கியது.

இத்தகையவர்களுக்குத் தொலைவழிப் பராமரிப்பு இரண்டாந்தரச் சிகிச்சை அல்ல என்பதே என் வாதம். நோய்த்தணிப்புப் பராமரிப்பின் பெரும்பகுதி கேட்பதும் அளவைத் திருத்துவதும்தான். நேற்றிரவு எத்தனை முறை வலி வந்து எழுப்பியது, மார்ஃபின் கரைசலை எத்தனை மில்லி கொடுத்தீர்கள், மலம் போய் எத்தனை நாளாகிறது, மூச்சு வாங்குகிறதா? மார்ஃபின் மலச்சிக்கலைக் கொண்டுவரும். மலமிளக்கியைச் சேர்த்துக் கொடுக்காவிட்டால் வலி தணிந்தும் நோயாளி துடிப்பார். இதைக் கேட்டுச் சரிசெய்ய ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு போதும். காணொலிகூடத் தேவையில்லை, அலைவரிசை சரியாகக் கிடைக்காத தோட்டத்தில் இது சிறிய ஆறுதல் அல்ல. நாட்டில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்ட புற்றுநோய்கள் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்படுகின்றன என்கிறது தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு. ஆகவே இந்தத் தேவை பெருந்தொற்றோடு முடிந்துபோகவில்லை.

தொட்டுப் பார்க்காமல் எப்படி மருத்துவம் செய்வது என்ற மறுப்பு நியாயமானது. வயிறு வீங்கியிருப்பதும் படுக்கைப்புண் ஆழமாகியிருப்பதும் குரலில் தெரியாது. முதல் சந்திப்பு நேரில்தான் நடக்க வேண்டும். அதன் பிறகும் நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். மார்ஃபின் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. மருத்துவர் தொலைபேசியில் அளவைக் கூட்டிச் சொல்லலாம், புட்டி தானாக லயத்து வீட்டுக்கு வந்துவிடாது. பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருப்பது தோட்டங்களுக்குப் புதிய சிந்தனையும் அல்ல. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இலேயே தனிச் சட்டம் வந்தது. காயத்துக்குக் கட்டுப்போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, தேவையானால் மருத்துவமனைக்கு அனுப்பியவர்கள் அவர்கள்தான். அவர்கள் இருந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டுச் செயலிகளைப் பற்றிப் பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கேரளம் 2008இல் நோய்த்தணிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்தபோது வீடு தேடிச் செல்லும் தாதியரையும் அக்கம்பக்கத்துத் தொண்டர்களையும் நம்பியே வகுத்தது.

தோட்டங்களில் இன்று தமிழர் எத்தனை பேர், இதற்குத் தனித் திட்டம் எதற்கு என்றும் கேட்கலாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அந்நியத் தொழிலாளர்கள் வந்தார்கள், இளையோர் பட்டணம் போனார்கள். எஞ்சியிருப்பவர்களில் பலர் முதியவர்கள். புற்றுநோய் மிகுதியாக வரும் வயதும் அதுதான். அந்நியத் தொழிலாளியின் வலியும் வலியே.

தொலைமருத்துவச் சட்டத்தை நாடாளுமன்றம் 1997இலேயே நிறைவேற்றியது. பெருந்தொற்று வந்தபோதும் அது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. தேசிய நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையின் காலம் 2030இல் முடிகிறது. அதற்குள் சுகாதார அமைச்சு ஜெம்போல், போர்ட்டிக்சன், தம்பின் வட்டாரக் கிளினிக் தாதியருக்கு மார்ஃபின் கையாளப் பயிற்சியளித்து, சிரம்பான் மருத்துவமனையோடு நேரடித் தொலைபேசித் தொடர்பும் ஏற்படுத்தித் தர வேண்டும்.