புதுக் காரின் டயருக்குப் பொறுப்பு யார்? எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

புதுக் காரோடு வரும் டயருக்கும் சக்கரத்துக்கும் அந்தக் காரைத் தயாரித்த நிறுவனமே முதல் பொறுப்பு. அதை விற்ற ஷோரூமுக்கும் அதில் பங்கு உண்டு. டெலிவரி எடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்காவது, "டயர் கம்பெனியைப் போய்ப் பாருங்கள்" என்று வாங்கியவரை அலைய விடும் வழக்கம் நிற்க வேண்டும். கார் வாங்குவோரின் குறைகளைக் கேட்டுவரும் நுகர்வோர் அமைப்பாக, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடமும் கார் நிறுவனங்களிடமும் நாங்கள் வைக்கும் கோரிக்கை இது.

காருக்கு இத்தனை ஆண்டு வாரண்டி என்று பெரிய எழுத்தில் விளம்பரம் வருகிறது. டயர் அதில் சேராது, டயர் தயாரித்தவரின் வாரண்டிதான் அதற்குப் பொருந்தும் என்பது வாரண்டிக் கையேட்டின் உள்பக்கத்தில் இருக்கிறது. வாங்கிய சில மாதத்தில் டயரின் பக்கவாட்டில் புடைப்பு தெரிந்தால், ஷோரூம் டயர் டீலரிடம் அனுப்புகிறது. டயர் கம்பெனி ஆள் பார்த்துவிட்டு, பள்ளத்தில் இடித்ததால் வந்தது, தயாரிப்புக் குறை இல்லை என்று எழுதிக் கொடுக்கிறார். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். பக்கச்சுவருக்குள் இருக்கும் நூலிழைகள் அறுந்தால் அந்த இடம் புடைக்கும். நம் சாலைப் பள்ளங்களுக்கு அந்த வலு உண்டு. ஆனால் ஆலையிலேயே இழைகள் சரியாகப் பொருந்தாமல் போனாலும் அதே புடைப்பு வரும். இரண்டில் எது என்று தீர்ப்புச் சொல்பவர், தீர்ப்பு மாறினால் பணம் தர வேண்டியவர். இந்த ஏற்பாட்டை நாங்கள் ஏற்கவில்லை.

வாங்கியவர் அந்த டயரைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஒரே மாடல் கார் ஒரு மாதம் ஒரு கம்பெனி டயரோடும் அடுத்த மாதம் வேறு கம்பெனி டயரோடும் வரும். தேர்வு கார் நிறுவனத்துடையது, விலையும் காரின் விலைக்குள் அடக்கம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கார் ஆலையும் டயர் ஆலையும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அவர்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வது அவர்களுக்குச் சுலபம். கார் வாங்கிய குடும்பத்துக்கு அது முடியாத காரியம்.

பொறுப்பு இரண்டாகப் பிளந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் பெரிய சாட்சி இருக்கிறது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை ஓடும்போதே உரிந்து வண்டிகள் உருண்டன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரில்தான் கோளாறு என்றது ஃபோர்டு. வண்டியின் வடிவமைப்பும், ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. என்ற குறைந்த காற்றழுத்தமும்தான் காரணம் என்றது ஃபயர்ஸ்டோன். இந்த டயர்களோடு தொடர்புடைய விபத்துகளில் அமெரிக்காவில் மட்டும் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு அங்கே புதுச் சட்டம் வந்தது. காற்று குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது அதன் விளைவுதான். இந்தியாவில் இன்றும் பல மாடல்களில் அது விலை கூடிய வேரியண்டுகளின் கவர்ச்சி அம்சமாக விற்கப்படுகிறது. அடிப்படை வேரியண்ட் வாங்குபவரின் டயரிலும் காற்று இறங்கும். எல்லா வேரியண்டிலும் அது இருக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டாவது கோரிக்கை.

டயரில் மட்டுமல்ல, சக்கரத்திலும் குறை வரும். 2022 ஜூனில் டொயோட்டா, தன் பிஇசட்4எக்ஸ் மின்சாரக் காரை விற்பனைக்கு வந்த இரண்டு மாதத்துக்குள் திரும்ப அழைத்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்து, ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடக்கூடும் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. சுமார் 2,700 கார்கள். சரிசெய்யும் வரை ஓட்ட வேண்டாம் என்று உரிமையாளர்களிடம் சொன்னது. அனுபவமும் பெயரும் உள்ள நிறுவனத்தின் புத்தம் புதுக் காரிலேயே இது நடக்கிறது என்றால், புதுசு என்பதாலேயே சக்கரம் பத்திரம் என்று நம்ப இடமில்லை.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது ஆலைக்கும் டெலிவரிக்கும் இடைப்பட்ட காலம். காரை டிரெய்லரில் ஏற்றி அனுப்பும்போது டயரில் காற்றைக் கூடுதலாக அடைத்து அனுப்புவது தொழில் வழக்கம். யார்டில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நிற்கும்போது, தரையில் பதிந்த பகுதி தட்டையாகிவிடாமல் இருக்க அது உதவும். டெலிவரிக்கு முந்தைய சோதனையில் அந்தக் காற்றை அளவுக்கு இறக்க வேண்டும். இறக்காமல் விட்டால் டயரின் நடுப்பகுதியே அதிகமாகச் சாலையைத் தொடும், மழைச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், பள்ளத்தில் விழும் அடியும் பலமாகும். பிறகு புடைப்பு வந்தால் பழி ஓட்டியவர் மேல்.

வீல் நட்டுகளிலும் இந்த அசட்டை உண்டு. ஒவ்வொரு மாடலுக்கும் இத்தனை நியூட்டன் மீட்டர் என்று முறுக்கு அளவு இருக்கிறது. ஏர் கன் வைத்து சத்தம் வரும்வரை முறுக்குவது அந்த அளவு ஆகாது. குறைந்தால் நட் தளரும், மிஞ்சினால் மரை கெடும். டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்து, அளவைத் தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

டயரின் வயதையும் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரமும் ஆண்டும்: 3524 என்றால் 2024இன் 35ஆவது வாரம். புதுக் காருக்குப் பூசை போட்டு நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கிறோமே, அப்படிக் குனியும்போது அந்த எண்ணையும் படித்துவிடலாம். சில டயர்களில் அது உள்பக்கமாக இருக்கும் என்பதால்தான், ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களின் எண்ணும் காற்றழுத்தமும் டெலிவரித் தாளில் அச்சாக வேண்டும் என்கிறோம்.

ஸ்டெப்னி பற்றியும் ஒரு சொல். டியூப்லெஸ் டயர், பஞ்சர் கிட், காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி ஆகியவை இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. அந்த விதியை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் பக்கச்சுவர் கிழிந்தால் கிட் உதவாது. இரவில் நெடுஞ்சாலையில் தெரியவேண்டிய செய்தி அல்ல இது, புக்கிங் பணம் கட்டுவதற்கு முன் சொல்லவேண்டியது.

புதிதாகச் சட்டம் இயற்றவேண்டிய தேவையும் பெரிதாக இல்லை. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 110ஏ பிரிவு, குறை ஒரு உதிரிபாகத்தில் இருந்தாலும் அது பொருத்தப்பட்ட எல்லா வாகனங்களையும் திரும்ப அழைக்க உத்தரவிடலாம் என்கிறது. திரும்ப அழைப்பில் உதிரிபாகம் காரின் அங்கம், வாரண்டியில் மட்டும் அந்நியம் என்பது முரண். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் ஒரு குறை இருக்கிறது. நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், ஆனால் ஆய்வுக் கட்டணத்தைப் புகார் கொடுத்தவரே முன்கூட்டிக் கட்டவேண்டியிருக்கிறது. புதுக் காரின் டயர் வழக்குகளில் அந்தக் கட்டணத்தை நிறுவனம் கட்டட்டும், இடித்ததால் வந்த சேதம் என்று மெய்ப்பிக்கும் சுமையும் அதனுடையதாகவே இருக்கட்டும்.

வெளியே பெரிய அலாய் வீல் மாற்றியவர்களுக்கும், காற்றுப் பார்க்காமலே ஓட்டித் தேய்த்தவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பை நாங்கள் கேட்கவில்லை.

இந்த மாற்றங்கள் வரும்வரை கார் வாங்குவோர் டயர் எண்களும் காற்றழுத்தமும் எழுதாத டெலிவரித் தாளில் கையெழுத்திட வேண்டாம். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அழுத்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில நாள் ஓட்டியபின் நட்டுகளை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். புடைப்போ அதிர்வோ தெரிந்தால் அன்றே படம் எடுத்து, ஷோரூமுக்கும் கார் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சில் சொல்லப்பட்ட புகாருக்கு ஆணையத்தில் மதிப்பில்லை, கையில் தாள் இருக்க வேண்டும்.